வில்லன் எந்த மதம்னு எண்றத விடுங்க: தீவிரவாத சீரிஸ் பாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீவிரவாதம் பத்தி ஒரு சீரிஸ் வந்தா போதும், மொத எபிசோட் முடியறதுக்குள்ள ரெண்டு கோஷ்டி ரெடியாயிடும், ஒருத்தன் "இது பக்கா சங்கி சீரிஸ்"ம்பான், இன்னொருத்தன் "தேசத்துரோகிக்கு வக்காலத்து வாங்கறானுங்க"ம்பான், அப்பால ஒரு வாரத்துக்கு வாட்ஸ்அப் குரூப்ல எவனும் நிம்மதியா குட்மார்னிங் கூட போட முடியாது. வண்ணாரப்பேட்டை, மண்ணடி, ராயபுரம் பக்கம் இது இன்னும் ஜாஸ்தி, ஏன்னா இங்க மசூதியும் சர்ச்சும் அம்மன் கோயிலும் ஒரே நடையில வந்துடும், ஸ்க்ரீன்ல காட்றவனுக்கு எப்படியும் பக்கத்து வீட்டுக்காரன் ஜாடை இருக்கும். சண்டை போடறது தப்பில்லபா. எங்க சார்பு இருக்கோ அங்க பாக்காம வேற எங்கயோ நின்னு கத்திட்டு இருக்கோம், அதான் பிரச்சனை.

எல்லாரும் மொதல்ல பண்றது வில்லன் லிஸ்ட் எடுக்கறது. எத்தன பேர் முஸ்லிம், எத்தன பேர் தமிழன், எத்தன பேர் வெள்ளைக்காரன்னு எண்ணி, இதான் சார்புன்னு தீர்ப்பு சொல்றது. இந்தக் கணக்கு எவ்ளோ ஏமாத்தும்னு தெரியணும்னா அமெரிக்காவோட '24' சீரிஸ எடுத்துக்கோங்க. 2001 நவம்பர் 6ஆம் தேதி ஃபாக்ஸ் சேனல்ல ஆரம்பிச்சது. இரட்டை கோபுரம் விழுந்ததுக்கு அப்புறம் அதுக்குப் பதிலடியா எழுதுனதுன்னு நெறைய பேர் நெனச்சிட்டு இருக்காங்க, இல்ல, அதுக்கு முன்னாடியே ஷூட்டிங் ஆரம்பிச்ச கதை அது. மொத சீசன் வில்லனுங்க செர்பியாக்காரங்க. நாலாவது சீசன்ல பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பமே தீவிரவாதின்னு காட்ட, அமெரிக்க முஸ்லிம் அமைப்பு ஒண்ணு புகார் பண்ணி, கடைசியில ஹீரோவா நடிச்ச கீஃபர் சதர்லேண்டே நடுவுல வந்து "அமெரிக்க முஸ்லிம்களைத் தப்பா நெனைக்காதீங்க"ங்கற மாதிரி ஒரு அறிவிப்பு குடுத்தாரு. அஞ்சாவது சீசன்ல யார்றா வில்லன்னு பாத்தா அமெரிக்க ஜனாதிபதியே வில்லன். இப்ப தலைய எண்ணுனா என்ன வரும்? "எல்லாரையும் தானே காட்றான், நடுநிலை"ன்னு வரும்.

ஆனா வில்லன் யாரா இருந்தாலும் அந்த சீரிஸ்ல மாறாத ஒண்ணு கடிகாரம். பாம் நிச்சயமா இருக்கு, நாற்காலியில கட்டி வச்சிருக்கறவன் நிச்சயமா குத்தவாளி, அது நமக்கு முன்னாடி சீன்லயே காட்டியாச்சு, டைம் இல்ல, அடிச்சா உண்மை வரும். இந்த நாலும் சேந்து ஒரே நேரத்துல நிஜத்துல வர்றதே இல்ல, எழுத்தாளர் மேஜையில மட்டும்தான் வரும். நாலாவது சீசன்லயே ஒரு சீன், சந்தேக நபருக்காக மனித உரிமை வக்கீல் ஒருத்தர் ராத்திரியில கோர்ட் ஆர்டரோட வந்து நிப்பாரு, பாக்கற நமக்கு என்ன தோணும்னா, "யோவ் போயா, பாம் வெடிக்கப் போவுது". சட்டத்த ஒரு தொந்தரவா நம்மள உணர வச்சிட்டான் பாருங்க, அங்கதான் அரசியல் இருக்கு. அந்த எடத்துல உக்காந்திருக்கறவன் பேரு எதுவா இருந்தாலும் அந்த அரசியல் மாறப்போறதில்ல.

மொத அஞ்சு சீசன்ல மட்டும் 67 சித்திரவதை சீன் இருக்குன்னு அமெரிக்காவுல பேரண்ட்ஸ் டெலிவிஷன் கவுன்சில்ங்கற அமைப்பு எண்ணி சொல்லிச்சு. 2006 நவம்பர்ல வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியோட டீன், பிரிகேடியர் ஜெனரல் பேட்ரிக் ஃபின்னிகன், விசாரணை அதிகாரிங்க சிலர கூட்டிட்டு நேரா சீரிஸ் எடுக்கறவங்ககிட்ட போயி, எங்க பசங்க இதப் பாத்துட்டு சித்திரவதை வேலை செய்யும்னு நம்ப ஆரம்பிச்சுட்டாங்க, கொஞ்சம் நிறுத்துங்கன்னு கேட்டாரு. கேட்டது இடதுசாரி கோஷ்டி இல்ல, ராணுவ ஜெனரல். அடுத்த வருஷம் அந்த நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியா கனடாவுல ஒரு கூட்டத்துல, '24' ஹீரோ ஜாக் பாவர் லாஸ் ஏஞ்சல்ஸக் காப்பாத்துனாரு, அவருக்கு எந்த ஜூரி தண்டன குடுக்கும்ங்கற ரேஞ்சுல பேசறாரு, ஒரு கற்பனை கேரக்டர வச்சு! அப்புறம் 2014 டிசம்பர்ல அமெரிக்க செனட் கமிட்டி அறிக்கை வந்துச்சு, சிஐஏ பண்ண அந்தக் கொடூர விசாரணை முறையால உருப்படியா தகவல் வரலன்னு. அதுக்குள்ள சீரிஸ உலகமே பாத்து முடிச்சாச்சு.

நம்ம ஊருக்கு இது இன்னும் சுருக்குனு இருக்கணும். போலீஸ்கிட்ட குடுக்கற வாக்குமூலம் கோர்ட்ல செல்லாதுன்னு ஒரு சட்டம் வெள்ளைக்காரன் காலத்துலயே வந்ததுன்னா சும்மா வரல, ஸ்டேஷன்ல என்ன நடக்கும்னு அவனுக்கே தெரியும். லாக்கப் பத்தி வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் யாருக்கும் கிளாஸ் எடுக்க வேணாம். ஆனா அதே ஆளுங்க நாம, சீரிஸ்ல ஹீரோ ஒருத்தன தலைகீழா தொங்கவிட்டா "வச்சு செய்றான்டா"ன்னு விசிலடிக்கறோம். மியூசிக் அந்த மாதிரி போட்டிருப்பான், என்ன பண்றது.

அடுத்தது, "உண்மைச் சம்பவம்"னு போட்டா அப்படியே நம்பறது. 2006ல ஏபிசி சேனல் இரட்டை கோபுரத் தாக்குதலுக்கு முன்னாடி நடந்தத வச்சு ரெண்டு நாள் டிராமா போட்டாங்க, விசாரணை கமிஷன் அறிக்கைய அடிப்படையா வச்சதுன்னு விளம்பரம். ஆனா பின்லேடன பிடிக்க ரெடியா நிக்கறப்ப கிளின்டன் அரசாங்கத்து ஆளு அனுமதி குடுக்காம விட்டுட்ட மாதிரி ஒரு சீன் அதுல இருந்துச்சு, அப்படி நடந்ததா அந்த அறிக்கையிலயே இல்ல. கிளின்டன் ஆளுங்க கொதிச்சு, ஒளிபரப்புக்கு முன்னாடி கொஞ்சம் வெட்டி ஒட்டுனாங்க. இதுல மதமும் இல்ல, இனமும் இல்ல, சுத்தமான கட்சி அரசியல். தீவிரவாத சீரிஸ்ல சார்புன்னா சிறுபான்மைய காட்டற விதம் மட்டும்தான்னு நெனைக்கறதும் ஒரு தப்புதான், அதுக்கு இது ஒரு உதாரணம்.

நம்ம கேஸுக்கு வருவோம். ராஜீவ் கொலை வழக்கு பத்தி 2025 ஜூலையில சோனிலிவ்ல 'தி ஹன்ட்' வந்துச்சு, நாகேஷ் குகுனூர் எடுத்தது, பத்திரிகையாளர் அனிருத்ய மித்ரா எழுதுன புக்க வச்சு. கதை சிறப்புப் புலனாய்வுக் குழு கூடவே ஓடுது, கொலை நடந்த 1991 மே 21ல ஆரம்பிச்சு, கொலைய முன்ன நின்னு நடத்துன புலி ஆளு சிவராசன் சாவற வரைக்கும். வேட்டைன்னு பேரு வச்சா வேட்டையோட முடியும், அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்த கேஸ் அங்க முடியல. 1998 ஜனவரியில பூந்தமல்லி தடா (அப்ப இருந்த தீவிரவாதத் தடுப்புச் சட்டம்) கோர்ட் 26 பேருக்கும் தூக்குன்னுச்சு. 1999 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அதுல 19 பேர வெளிய விட்டுச்சு, 4 பேருக்கு தூக்கு, 3 பேருக்கு ஆயுள். அதுக்கும் மேல, இது கொலைதான், ஆனா தடா சட்டம் சொல்ற தீவிரவாதக் குற்றம் இல்லன்னும் சொல்லிச்சு. தீவிரவாத சீரிஸ்ல வர்ற கேஸு, கோர்ட் கணக்குப்படி அந்தச் சட்டத்துல தீவிரவாதமே இல்ல! ஆனா தடாவுல எஸ்பி கிட்ட குடுத்த வாக்குமூலம் மட்டும் செல்லும்னு எடுத்துக்கிட்டாங்க. குண்டுக்கு பேட்டரி வாங்கிக் குடுத்தாருன்னு தண்டனை வாங்குன பேரறிவாளனோட வாக்குமூலத்த எழுதுன சிபிஐ எஸ்பி தியாகராஜனே, அந்த பேட்டரி எதுக்குன்னு தனக்குத் தெரியாதுன்னு அவரு சொன்னத நான் எழுதாம விட்டுட்டேன்னு பல வருஷம் கழிச்சு சொன்னாரு. 2022 மே 18ல பேரறிவாளன் விடுதலை ஆனாரு, மத்த ஆறு பேரு நவம்பர்ல. நிரபராதின்னு சொல்லி விடல, அதையும் சொல்லணும். நான் சொல்ல வர்றது, வாக்குமூலம் வாங்கற சீன ஒரு வெற்றியா காட்டி கட் பண்றதுக்கும், அந்த ஒரு வரி விட்டுப்போனதக் காட்றதுக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் சார்பு. கேமரா எங்க ஆஃப் ஆவுதுன்னு பாருங்க. கோயம்புத்தூர் குண்டுவெடிப்பு கேஸ்ல கேரள அரசியல்வாதி மதானி 1998ல கைதாகி 2007ல விடுதலை ஆனாரு, ஒம்பது வருஷத்துக்கு மேல. கைது சீனோட முடியற சீரிஸ்ல அந்த ஒம்பது வருஷம் எங்க வரும்?

சிவராசன் தங்குன வீடு ஒண்ணு நம்ம கொடுங்கையூர்லதான். அதுக்கப்புறம் சிலோன் தமிழருக்கு வீடு குடுக்க மெட்ராஸ்ல எவ்ளோ பேர் பயந்தாங்கன்னு பெரியவங்கள கேளுங்க, புழல் முகாம்ல இருந்தவங்கள கேளுங்க. அந்த பக்கத்துல நின்னு ஒரு சீரிஸ் எடுக்கலாம், யாரும் எடுக்கல. துப்பாக்கி இல்லாத கதைக்கு யாரு காசு போடுவா.

ட்ரெய்லர் பாத்து தீர்ப்பு சொல்றது தனி வியாதி. 'தி ஃபேமிலி மேன்' ரெண்டாவது சீசன் ட்ரெய்லர் 2021 மேல வந்தப்ப வைகோ, சீமான் எல்லாரும் எதிர்த்தாங்க, அமைச்சர் மனோ தங்கராஜ் தடை பண்ணச் சொல்லி மத்திய அமைச்சருக்கு லெட்டரே எழுதுனாரு. கோவத்துல நியாயம் இல்லாம இல்ல. ஈழப் போராளிங்கள பாகிஸ்தான் உளவு அமைப்பு ஐஎஸ்ஐ கூட சேத்து முடிச்சு போடறது, நடிகைக்கு மூஞ்சியில கருப்பு பூசி ஏழைப் பொண்ணாக்கறது, இதெல்லாம் வடக்குல உக்காந்து நம்மள பாக்கற பார்வைதான். ஆனா ஜூன் 4ல சீரிஸ் வந்தப்ப பாத்தா அந்த ஈழப் போராளிப் பொண்ணு ராஜிக்கு அவங்க குடுத்த நேரம் கம்மி இல்ல, மில் வேலை, பஸ்ல அவளத் தொந்தரவு பண்றவன், ஊர்ல ராணுவம் என்ன பண்ணிச்சு, எல்லாம் இருக்கு. எனக்கு அதுல உறுத்துனது வேற. உளவுத்துறை ஹீரோ ஸ்ரீகாந்துக்கு பொண்டாட்டி சண்டை இருக்கு, பசங்க ஸ்கூல் இருக்கு, பாஸ்கிட்ட திட்டு வாங்கறான், ஜோக் அடிக்கறான், அதனால அவன் பொய் சொன்னாலும் நம்ம வீட்டு ஆளு மாதிரி மன்னிச்சிடறோம். ராஜி ஒரு எடத்துல கூட சிரிச்சதா எனக்கு ஞாபகம் இல்ல. சோகம் குடுத்தாச்சு, சிரிப்பு குடுக்கல. யாருக்கு சிரிக்க டைம் குடுத்திருக்கான்னு ஒருவாட்டி கவனிச்சுப் பாருங்க, எந்த சீரிஸா இருந்தாலும்.

இதோட ஒட்டி வர்றதுதான் "ஒரு நல்ல முஸ்லிம் ஆபீசர் காட்டிட்டாங்களே, அப்புறம் என்ன"ங்கற வாதம். எவலின் அல்சுல்தானின்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் இத வச்சே ஒரு புக் எழுதியிருக்காங்க, கெட்டவனுக்கு ஈடா ஒரு நல்லவன வச்சுட்டா கதை சமநிலை ஆயிட்ட மாதிரி தோணும், ஆனா அந்த நல்லவனோட வேலையே தீவிரவாதிய பிடிக்க ஒத்தாசை பண்றது மட்டும்தான்னு. கறாரா பாத்தா சரி. மண்ணடியில பர்மா பஜார் கடை வச்சிருக்கற ஒரு பாய் வட்டி, வாடகை, பொண்ணு நீட் கோச்சிங்னு கவலப்படற சீன், பாம்க்கு சம்பந்தமே இல்லாம, எந்த சீரிஸ்லயாவது பாத்தீங்களா?

எடத்தக் காட்ற விதத்த யாரும் பெருசா பேசறதில்ல, எனக்கு அதுதான் மொதல்ல கண்ணுல படும், ஏன்னா வடசென்னைக்காரனுக்கு அது பழக்கம். காசிமேடுன்னா அருவா, வியாசர்பாடின்னா கஞ்சா, எல்லாரும் "இன்னா நைனா"தான், படம் மஞ்சளாவே இருக்கும். அதே வியாசர்பாடியில ஃபுட்பால் ஆடற பசங்களுக்கு கேமரா திரும்பாது. 'ஹோம்லேண்ட்'ங்கற அமெரிக்க உளவு சீரிஸ்ல லெபனான் தலைநகரம் பெய்ரூட்டோட ஹம்ரா தெருவ துப்பாக்கி ஆளுங்க திரியற எடமா காட்டுனாங்க, நிஜத்துல அது காபி ஷாப்பும் துணிக்கடையுமா ஜேஜேன்னு இருக்கற தெரு, ஷூட்டிங் பண்ணது இஸ்ரேல்ல. லெபனான் டூரிசம் மந்திரி 2012ல கேஸ் போடுவேன்னாரு. இஸ்லாமாபாத்த கேப்டவுன்ல எடுத்தானுங்க. 2015ல பெர்லின்ல செட்டு போட்டு அகதி முகாம் மாதிரி காட்ட, சுவத்துல அரபியில எதாச்சும் எழுதுங்கன்னு கலைஞர்கள கூப்புட்டாங்க, அவங்க "ஹோம்லேண்ட் இனவெறி"ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க, யாருக்கும் படிக்கத் தெரியல, அப்படியே ஒளிபரப்பாச்சு. மாஸ் மேட்டரு.

தப்பான ஆதாரத்த தூக்கிட்டு வர்றத பத்தியும் சொல்லணும். 2024ல விமானக் கடத்தல் பத்தின 'ஐசி 814' சீரிஸ் வந்தப்ப கடத்துனவங்களுக்கு போலா, சங்கர்னு இந்துப் பேரு வச்சுட்டான்னு ஊரே கத்துச்சு. அது அவங்களே ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டுக்க வச்ச பேரு, 2000 ஜனவரி 6ல உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையிலயே இருக்கு, நிஜப் பேரோட சேத்து. டைரக்டர் கண்டுபிடிச்சது இல்ல. ஆனா நிஜப் பேர சொல்லாம விட்டது ஒரு தேர்வுதானே, அத வேணா கேளு, நியாயம். ரெண்டையும் கலந்து அடிச்சதுல அந்தக் கேள்வியே காணாம போச்சு. நெட்ஃபிளிக்ஸ் ஆளக் கூப்பிட்டு மத்திய அமைச்சகம் பேசுச்சு, முன்னாடி நிஜப் பேரப் போட்டாங்க, முடிஞ்சுது.

இதுல கடைசியா ஒரு விஷயம், நம்ம பக்கம் புண்பட்டா "தடை பண்ணு", அந்தப் பக்கம் புண்பட்டா "கருத்துச் சுதந்திரம்". அமெரிக்க சீரிஸ் 'குவான்டிகோ'வுல 2018ல இந்து தேசியவாதிங்க குண்டு வைக்கற மாதிரி ஒரு எபிசோட் வந்து, சேனலும் பிரியங்கா சோப்ராவும் மன்னிப்பு கேட்டாங்க, அப்ப சந்தோஷப்பட்டவங்க யாரு, 2021ல ஃபேமிலி மேன எதிர்த்தப்ப சந்தோஷப்பட்டவங்க யாருன்னு ஒரு லிஸ்ட் போடுங்க. ஃபேமிலி மேன் ரெண்டாவது சீசன் 2021 பிப்ரவரியிலயே வர வேண்டியது, அப்ப வேற ஒரு சீரிஸ் மேல கேஸ் மேல கேஸா விழ, தள்ளி வச்சாங்க. அதே பிப்ரவரி கடைசியில ஓடிடிக்கு மத்திய அரசோட புது விதியும் வந்துச்சு. இப்ப ஸ்கிரிப்ட்ட மொதல்ல படிக்கறது வக்கீலுங்க. அவங்க எதை வெட்டுவாங்க? அரசாங்கத்துக்கு கோவம் வர்ற சீன வெட்டுவாங்க. மண்ணடி பாய்க்கோ கொடுங்கையூர் வாடகை வீட்டுக்காரருக்கோ கோவம் வருமேன்னு எந்த வக்கீலும் ஒரு வரி கூட வெட்டப்போறதில்ல.