சொந்தமா ஒரு கருந்துளைத் தியரி விடுறது எப்படி

முதல்லயே சொல்லிடுறன், நான் பௌதிகம் படிச்ச ஆள் இல்ல. ஏஎல்ல கொமர்ஸ், இப்ப திருகோணமலை டவுன்ல ஒரு ஹார்ட்வெயார் கடையில கணக்கு எழுதுறன். கடை பூட்டின பிறகு டச்பே மணல்ல குந்திக்கொண்டு நானும் கூட்டாளியும் உள்ள போனா ஒளிகூட வெளிய வராத கருந்துளை, அதின்ட தலைகீழான வெண்துளை, வெகுதூரத்துல நட்சத்திரம் மாதிரிப் புள்ளியாத் தெரிஞ்சாலும் பயங்கர வெளிச்சம் கக்குற குவாசார் எண்டு கதை அளக்கத் தொடங்கிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள ஒரு பத்துத் தியரியாவது விட்டிருப்பன், எல்லாம் செத்துப்போச்சு, அதுல எனக்குக் கவலையும் இல்ல. புதுசா இந்தப் பைத்தியம் பிடிச்ச தம்பி தங்கச்சிமாருக்கு, வெக்கப்படாம எப்படிக் கதை விடுறது, விட்ட கதை செத்துட்டுதா எண்டு எப்படிப் பாக்கிறது எண்டுதான் இதை எழுதுறன்.

மொதல்ல வானத்தைப் பாருங்க. போன்ல வர்ற கலர் கலர் படமெல்லாம் பிறகு. எங்கட ஊர்ல மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் மழை குறைவு, அந்த நேரத்துலதான் பால்வீதியின்ட நடுப்பகுதியும் ராவில மேல வரும், இந்த அதிஷ்டம் எல்லா ஊருக்கும் கிடைக்காது. ஆகஸ்ட்ல அமாவாசையை ஒட்டி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் வெளிச்சம் இல்லாத இடமாப் பாத்து எட்டரை மணிபோல தெற்கைப் பாத்து நில்லுங்க, தேள் வடிவத்துல விருச்சிகம் தெரியும், அதின்ட வாலுக்குக் கிழக்கால தனுசு, ரெண்டுக்கும் இடையில புகை மாதிரி ஒரு தடிச்ச பட்டை. அந்தத் திசையில ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு தூரத்துல சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் எண்ட கருந்துளை இருக்கு, எடை சூரியன்ட 40 இலட்சம் மடங்கு. துளை கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுத்துற நட்சத்திரங்களை வருஷக்கணக்காப் பாத்துத்தான் பிடிச்சாங்க, எஸ்2 எண்டது 16 வருஷத்துக்கு ஒருக்கா ஒரு சுத்து முடிக்குது, அந்த வேலைக்குத்தான் 2020 இல கென்செல், கெஸ் எண்ட வானியலாளர் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசுல பங்கு கிடைச்சது. தண்ணிக்குள்ள மீன் தெரியாட்டியும் மிதவை போற போக்கைப் பாத்து வலையில என்ன கிடக்கு எண்டு கரைவலைக்காரர் சொல்லுவாங்களே, அந்த மாதிரி.

அடுத்தது கணக்கு. இதைக் கேட்டதும் பாதிப்பேர் எழும்பிப் போயிடுவீங்க, தயவுசெஞ்சு இருங்க, ஒரே ஒரு பெருக்கல்தான். ஒரு சூரியன் எடைக்குக் கருந்துளையின்ட ஆரை ஏறக்குறைய 3 கிலோமீற்றர். எத்தனை சூரியனோ அதால பெருக்குங்க, அவ்வளவுதான். 40 இலட்சத்தைப் பெருக்கினா 1 கோடி 20 இலட்சம் கிலோமீற்றர், அதாவது எங்கட பால்வீதியின்ட நடுவில இருக்கிற அந்தப் பூதம் புதன் சுத்துற பாதைக்குள்ளயே வடிவா அடங்கிடும். பூமியைக் கருந்துளையாகும்வரைக்கும் நசுக்கினா ஆரை 9 மில்லிமீற்றர்தான் வரும், சின்னப் பிள்ளையள் அடிக்கிற மாபிள் அளவு. இந்த ஒரு கணக்குத் தெரிஞ்சாலே ஊர்ல உலாவுற பாதிக் கதை உதிர்ந்துடும். "சூரியன் கருந்துளையானா பூமியை உறிஞ்சிடும்" எண்டு சொல்லுவாங்க, எடை அதே எடையா இருந்தா பூமி சுத்துற மாதிரியேதான் சுத்தும், குளிரில நாங்க விறைச்சுப் போவம், அது வேற விஷயம்.

இன்னொண்டு, "கருந்துளை எண்டா பயங்கர அடர்த்தி" எண்டு நானும் வருஷக்கணக்கா அடிச்சு விட்டிருக்கிறன். 2019 இல கருந்துளையின்ட முதல் படம் வந்துதே, எம்87 எண்ட கலக்ஸியின்ட நடுவில இருக்கிறது, அது 650 கோடி சூரியன் எடை. எடையை அந்த ஆரைக்குரிய கோளத்தின்ட கனவளவால வகுத்துப் பாருங்க, சராசரி அடர்த்தி நாங்க மூச்சு விடுற காத்தை விடக் குறைவா வரும். முதல்தடவை வந்தநேரம் சைபர்ல எங்கயோ பிழை விட்டுட்டன் எண்டு நினைச்சு கடைக் கல்குலேட்டர்ல மூண்டு தரம் போட்டுப் பாத்தன். எடை கூடக் கூட ஆரையும் அதே அளவுல கூடும், கனவளவு ஆரையின்ட மும்மடி, அதாலதான் அடர்த்தி இப்படி விழுது.

இனி வெண்துளை. தியரி விடுறவங்களுக்கு இது சர்க்கரைப் பொங்கல் மாதிரி. ஐன்ஸ்டைன்ட சமன்பாட்டுக்கு 1916 இல ஸ்வார்ஸ்சைல்ட் கண்டுபிடிச்ச விடையில நேரத்தைத் திருப்பி ஓட விட்டா கருந்துளைக்குப் பதிலா வெண்துளை வரும், கணக்கு அதைத் தடுக்காது. எனக்கு இது மண்டைக்குள்ள ஏறினது ஒரு மார்கழி மழையில, மூதூர்ப் பக்கம் போனநேரம். மகாவலி கொட்டியாரக் குடாவில விழுற இடம், ஆத்துத் தண்ணி மண்ணிறமா நுரை தள்ளிக்கொண்டு வந்துது, ஒரு சின்ன வள்ளம் உள்ளுக்குப் போகப் பாக்குது, இஞ்சின் கத்துது, வள்ளம் நிண்ட இடத்துலயே நிக்குது, பிறகு மெல்ல மெல்ல பின்னால வருது. வெண்துளையின்ட விளிம்பு அதுதான், உள்ளுக்கு இருந்து எல்லாம் வரலாம், வெளியில இருந்து ஒளிகூட உள்ள போக ஏலாது. கருந்துளைக்கு இதைத் திருப்பிப் போடுங்க: நீர்வீழ்ச்சியைப் பாத்து ஓடுற ஆறு, ஒரு கோட்டுக்கு அங்கால ஓட்டத்தின்ட வேகம் வள்ளத்தின்ட வேகத்தை விடக் கூட, கோட்டைத் தாண்டினது வள்ளக்காரனுக்கே தெரியாது.

ஆனா உவமை கிடைச்ச சந்தோஷத்துல அதையே பிடிச்சுத் தொங்கக்கூடாது, எந்த இடத்துல உடையுது எண்டு தேடணும். ஆத்துவாய் வள்ளத்தை வெளிய தள்ளுது, அதனால வெண்துளையும் எல்லாத்தையும் தள்ளிவிடும் எண்டு நான் எழுதி வச்சிருந்தன். சுத்தப் பிழை. வெண்துளைக்கும் எடை இருக்கு, வெளியில நிக்கிற சாமானை அதுவும் இழுக்கத்தான் செய்யும், உள்ள எடுக்காது, அவ்வளவுதான். வாசல் வரைக்கும் வா வா எண்டு கூப்பிட்டுட்டுக் கதவைத் திறக்காத சொந்தக்காரர் எல்லாருக்கும் இருப்பாங்கதானே.

சரி, என்ட மானம் போன கதைக்கு வருவம். குவாசார் எல்லாம் வெண்துளைதான் எண்டது என்ட செல்லத் தியரி. இவ்வளவு வெளிச்சம் கக்குதே, அப்ப வெளிய தள்ளுற துளைதானே? நானே கண்டுபிடிச்சன் எண்டு பெருமையில இருந்தா, இகோர் நோவிகோவ் எண்ட ரஷ்யாக்காரர் 1964 லயே அதே மாதிரி யோசிச்சு எழுதி வச்சிருக்கிறார். நான் பிறக்க முன்னமே. அதனால, தியரி வந்த அண்டைக்கே உங்களுக்கு முன்னம் யார் சொன்னது எண்டு தேடுங்க, தேடிக் கிடைச்சா மனம் உடைய வேணாம், அது ஏன் எடுபடாமப் போச்சு எண்டு படிச்சா உங்களுக்குப் பத்து வருஷம் மிச்சம்.

நான் படிக்கல்ல, அதால எனக்கு மிச்சமாகல்ல. ஒரு மே மாசம் கொழும்பில இருந்து ஒரு நண்பர் வான்ல எட்டு இஞ்சித் தொலைகாட்டி கொண்டு வந்தார், 3சி 273 ஐப் பாப்பம் எண்டு உப்புவெளி தாண்டிப் போனம். 1963 இல மார்ட்டன் ஸ்மிட் தூரத்தை விளங்கிக்கொண்ட குவாசார் அது, கன்னி ராசியில, எங்கட ஊருக்கு மே மாசம் ராப் பத்து மணிபோல கிட்டத்தட்ட உச்சியிலயே நிக்கும். ஒரு மணித்தியாலம் தேடி, கழுத்து முறிஞ்சு, கடைசியில ஒரு புள்ளி. வெறும் புள்ளி, கண்ணை நேர வச்சா மறையுது, ஓரக்கண்ணால பாத்தா வருது. கூட்டாளி குனிஞ்சு பாத்துட்டு "இதுக்காடா இவ்வளவு பாடு" எண்டான். கிட்டத்தட்ட 200 கோடி வருஷத்துக்கு முந்தின வெளிச்சமடா எண்டு சொன்னன், அவன் நுளம்பு அடிச்சுக்கொண்டு இருந்தான்.

ஆனா என்ட தியரியைச் சாகடிச்சது அவன்தான். சில குவாசாரில சில நாளுக்குள்ள, சில கிழமைக்குள்ள வெளிச்சம் கூடிக் குறையும் எண்டு நான் சொல்லப்போக, கரைவலை இழுக்கிறதை வச்சு விளங்கப்படுத்தினான்: ஒரு முனையில அம்பா, அதான் வலை இழுக்கிற பாட்டு, பாடினா 340 மீற்றர் தள்ளி நிக்கிறவனுக்கு ஒரு செக்கன் பிந்தித்தான் கேக்கும், ஆக நீளமான வரிசை ஒரே கணத்துல இழுக்க ஏலாது. அதே மாதிரி ஒரு கிழமையில வெளிச்சம் மாறுதெண்டா அந்த இடம் பெரும்பாலும் ஒரு ஒளிக்கிழமையை, அதாவது ஒளி ஒரு கிழமையில போற தூரத்தை விடப் பெரிசா இருக்க ஏலாது. எனக்குச் சந்தோஷம், பாத்தியா சின்னத் துளைதான் எண்டன். அவன் விடல்ல, "கருந்துளைக்குள்ள விழுற சாமானே வெளிச்சம் குடுத்தாப் போதாதா?" எண்டு கேட்டான்.

போட்டுப் பாத்தம். ஐதரசன் எரிஞ்சு ஹீலியமானா எடையில 0.7 சதவீதம்தான் சக்தியாகும். கருந்துளையைச் சுத்திச் சுழண்டு உரசிக்கொண்டு விழுற வாயு சூடேறி எடையில 10 சதவீதமளவு சக்தியா வெளிய விடலாம். 3சி 273 ட வெளிச்சம் ஏறக்குறைய 4 ட்ரில்லியன் சூரியன், அதுக்கு வருஷத்துக்கு மூண்டு சூரியன் அளவு சாப்பாடு காணும். ஒரு முழுக் கலக்ஸிக்கு மூண்டு சூரியன் எண்டது கல்யாண வீட்டுல மூண்டு அப்பளம். ஆக வெண்துளைக்கு அங்க வேலையே இல்ல. நான் விட்டுக்குடுக்காம இழுத்துக்கொண்டு இருக்க, 1974 இல எர்ட்லி எண்டவர் காட்டினது கண்ணில பட்டது: வெண்துளையின்ட விளிம்புல வெளிய இருந்து வர்ற ஒளியும் சாமானும் குவிஞ்சு சக்தி ஏறி ஏறி, அது கெதியில கருந்துளையா மாறிடும். முடிஞ்சுது.

அதுக்குப் பிறகு ஒரு சீஆர் கொப்பி வச்சிருக்கிறன், நீங்களும் வையுங்க. ஒரு பக்கம் தியரி, எதிர்ப்பக்கம் "எதைக் கண்டா நான் வாயை மூடுவன்" எண்டு எழுதி திகதி போடுறது. எதிர்ப்பக்கம் எழுத ஒண்டும் வரல்லையெண்டா அது தியரி இல்ல, சாத்திரம். ஹோக்கிங்கே, எக்ஸ்-கதிர் வர்ற சிக்னஸ் எக்ஸ்-1 எண்ட இடத்துல இருக்கிறது கருந்துளை இல்ல எண்டு 1974 இல கிப் தோர்ன் எண்ட பௌதிக விஞ்ஞானியோட பந்தயம் பிடிச்சு 1990 இல தோத்துட்டன் எண்டு ஒப்புக்கொண்டவர், எங்களுக்கென்ன கூச்சம்.

ஒரு கடுப்பையும் சொல்லிடுறன். எதைக் கேட்டாலும் "சந்திரசேகரைப் பாத்தும்தான் சிரிச்சாங்க" எண்டு சொல்ற ஆக்கள் இருக்காங்க. வானியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர், எங்கட ஆள்தான், 1930 இல 19 வயசுல கப்பல்ல போகப்போக, வெள்ளைக்குள்ளனுக்கு, அதாவது எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரத்தின்ட மிச்சத்துக்கு, ஒரு எடை எல்லை இருக்கு எண்டு கணக்குப் போட்டவர், இண்டைக்கு அது 1.4 சூரியன் எண்டு எல்லாருக்கும் தெரியும். 1935 இல எடிங்டன் எண்ட பெரிய வானியலாளர் சபையில வச்சு அவரை நையாண்டி பண்ணினதும் உண்மை. ஆனா அவர் கையில கணக்கு இருந்துது தம்பி, உங்கட கையில யூடியூப் வீடியோ.

இப்ப கொப்பியில உயிரோட இருக்கிறது ஒண்டுதான், அதுவும் என்டதில்ல: ரொவெல்லி, ஹாகர்ட் எண்ட பௌதிக விஞ்ஞானிகள் 2014 இல சொன்னது, கருந்துளை உள்ளுக்கு நசுங்கி நசுங்கி ஒரு கட்டத்துல துள்ளித் திரும்பி வெண்துளையா வெளிய வரலாம், உள்ள அது கண் இமைக்கிற நேரம், வெளிய நிக்கிற எங்களுக்கு யுகக்கணக்கு. எதிர்ப்பக்கத்துல கூட்டாளி ஏதோ எழுதியிருக்கிறான், அவன்ட கையெழுத்து விளங்கல்ல, கேட்டா அடுத்த அமாவாசைக்குச் சொல்றனாம். பாய், பிளாஸ்க்ல பிளேன்ரீ, டோச்சுக்கு மேல சுத்துறதுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் எல்லாம் எடுத்து வச்சாச்சு, நுளம்புத்திரி அவன் கொண்டு வரணும்.