டர்போ போகவில்லை, ஹோஸ்தான் கிழிந்திருந்தது

பழைய டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்களுக்கு இது உதவலாம். என் வண்டியில், ஜிஎஸ்டி சாலையில் ஓவர்டேக் செய்ய ஆக்சிலரேட்டரை அழுத்தினால் 'புஸ்ஸ்' என்று சத்தம் வரும், இழுவை பாதியாகிவிடும், செக் இன்ஜின் விளக்கும் எரியும். ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக் குறியீடு, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவில் வரவேண்டிய அழுத்தம் வரவில்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் உடனே "டர்போவையே மாத்தணும் சார்" என்றார்கள், சொன்ன தொகைக்கு நல்ல பைக்கே வாங்கலாம். ஆனால் நீலப்புகை இல்லை, ஆயிலும் குறையவில்லை. டர்போ தேய்ந்திருந்தால் பெரும்பாலும் இதில் ஒன்றாவது காட்டிக்கொடுக்கும். அதனால் வேறொரு மெக்கானிக்கிடம் ஸ்மோக் டெஸ்ட் மட்டும் செய்யச் சொன்னேன். இன்டேக்கில் புகையை அழுத்தத்தோடு விட்டதும், இன்டர்கூலருக்கு (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்ப் பிடித்திருந்த இடத்தில், மெல்லிய கோடாக வெளியே வந்தது. ஐடிலில் அந்தக் கிழிசல் மூடியே இருக்கிறது, அழுத்தம் ஏறினால்தான் வாய் திறக்கிறது, கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது.

ஹோஸும் கிளாம்பும் புதிதாகவே வாங்கினேன். புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் சென்னை வெயிலில் வெந்த ரப்பரை நம்ப மனமில்லை (பம்பர், கண்ணாடி என்றால் நேரே அங்கேதான் போவேன்). மாட்டி, ஸ்கேனரில் அந்தப் பிழைக் குறியீட்டை அழித்ததும் இழுவை முழுதாகத் திரும்பியது.

அப்புறம் மற்ற செலவு. ஃபுல் சிந்தெடிக் ஆயில்தான், அதையும் கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றிவிடுகிறேன், டிராஃபிக்கில் இன்ஜின் ஓடிக்கொண்டு நிற்கும் நேரம் ஓடோமீட்டரில் ஏறாதே. இப்படி ஒரு வண்டி வாங்கப் போகிறீர்களா? ஸ்மோக் டெஸ்ட்டுக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.