வீட்டை விக்கிறதுக்கு முன்னாடி அதோட மதிப்பை நாமளே கணக்கு போடுறது எப்படி?

வீட்டை விக்கலாம்னு பேச்சு எடுத்த உடனே ஆளாளுக்கு ஒரு விலை சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க, பக்கத்து வீட்டுக்காரர் ஒண்ணு சொல்வாரு, புரோக்கர் ஒண்ணு சொல்வாரு, சொந்தக்காரங்க "இதுக்கு கம்மியா குடுத்துடாதீங்க"ன்னு வேற ஒண்ணு சொல்வாங்க. இது எதையும் காதுல வாங்குறதுக்கு முன்னாடி நீங்களே உக்காந்து ஒரு கணக்கு போட்டு வச்சுக்கணும். ஒரு நோட்டு, ஒரு பேனா, அளக்குற டேப், கொஞ்சம் பொறுமை இருந்தா போதும், யார் வேணா பண்ணலாம்.

ஏன் முன்னாடியேன்னா, ஒரு நம்பர் காதுல விழுந்துட்டா அதுக்கப்புறம் நம்ம மனசு அதையே சுத்தி வரும். 1987-ல கிரெகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல டூசான்ல ஒரு வீட்டை மாணவர்கள்கிட்டயும் அனுபவமுள்ள ஏஜென்ட்டுகள்கிட்டயும் காட்டி மதிப்பு போட சொன்னாங்க, எல்லாருக்கும் ஒரே விவரம்தான், ஆனா "கேக்குற விலை"ய மட்டும் ஆளுக்கு ஆள் மாத்தி குடுத்தாங்க. அதிக விலைய பாத்தவங்க அதிகமா மதிப்பு போட்டாங்க, கம்மி விலைய பாத்தவங்க கம்மியா போட்டாங்க, ஏஜென்ட்டுகளும் அப்படித்தான். தொழில்ல ஊறினவங்களுக்கே இந்த நெலமைன்னா நாம எவ்ளோ ஜாக்கிரதையா இருக்கணும்.

முதல் படி: மூணு நம்பரை தனித்தனியா எழுதுங்க

நீங்க இதுவரைக்கும் போட்ட காசு ஒண்ணு. இப்ப உங்களுக்கு தேவைப்படுற காசு ஒண்ணு. வாங்குறவர் குடுக்க தயாரா இருக்குற காசு ஒண்ணு. இதுல மூணாவதுதான் வீட்டோட மதிப்பு, மத்த ரெண்டும் உங்க சொந்த கணக்கு, அது வாங்குறவருக்கு தெரியவும் தெரியாது, தெரிஞ்சாலும் அதுக்காக அவர் ஒரு பைசா கூட்டி குடுக்க மாட்டாரு.

கேக்க கஷ்டமாத்தான் இருக்கும், குருவி சேக்குற மாதிரி சேத்து கட்டுன வீடா கூட இருக்கலாம், ஆனா இங்கதான் நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. பாஸ்டன் நகரத்துல 1990கள்ல விக்க வச்ச அடுக்குமாடி வீடுகளை வச்சு ஜெனசோவ், மேயர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2001-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வாங்குன விலைய விட கம்மிக்கு போகும்ங்கிற நெலமையில இருந்தவங்க விலைய தூக்கி வச்சாங்க, அவங்க வீடெல்லாம் விக்க ரொம்ப நாள் இழுத்துச்சு, கொஞ்சம் கூடுதலா கெடச்சுதுதான், ஆனா அவங்க தூக்கி வச்ச அளவுக்கு கெடைக்கல.

ரெண்டாவது படி: வீட்டை அளந்து எழுதுங்க

பழைய பேப்பர்ல இருக்குற அளவை அப்படியே நம்பாதீங்க, டேப் எடுத்து நீங்களே அளங்க. சுவருக்குள்ள நடக்குற இடம் எவ்ளோ, சுவரோட சேத்தா எவ்ளோ, அடுக்குமாடின்னா படிக்கட்டு லிஃப்ட் மாதிரி பொது இடத்துல உங்க பங்கையும் சேத்தா எவ்ளோ, இது மூணும் மூணு வேற நம்பர். ஒருத்தர் ஒரு அளவுல சதுர அடி ரேட் சொல்வாரு, நீங்க வேற அளவுல பெருக்குவீங்க, கணக்கு எங்கயோ போயிடும்.

அதோட நிலம் எவ்ளோ, கட்டடத்துக்கு என்ன வயசு, எத்தனை ரூம், எத்தனை பாத்ரூம், கார் நிறுத்த இடம், தண்ணி, தெரு அகலம், ஓதம், விரிசல், கூரை ஒழுகல் எல்லாத்தையும் எழுதுங்க. குறைய மறைக்காம எழுதுங்க, இது உங்க நோட்டு, வேற யாரும் பாக்கப் போறதில்ல.

மூணாவது படி: வித்த வீடுகளை தேடுங்க

விக்க வச்சிருக்குற வீடு இல்ல, வித்து முடிஞ்ச வீடு. ஆன்லைன்ல பாக்குற விலையெல்லாம் கேக்குற விலை, அதாவது ஒருத்தரோட ஆசை, அவ்ளோதான். உங்க வீட்டுக்கு பக்கத்துலயே, கிட்டத்தட்ட அதே சைஸ்ல, கடைசி ஆறு மாசத்துலேருந்து ஒரு வருஷத்துக்குள்ள கைமாறின வீடு குறைஞ்சது மூணு வேணும். பதிவு விவரம், வித்தவங்க, வாங்கினவங்க, ரெண்டு மூணு ஏஜென்ட்டுகள்னு பல பக்கம் விசாரிங்க, ஏன்னா ஆவணத்துல இருக்குற தொகைதான் உண்மையிலேயே கைமாறின தொகைன்னு எல்லா இடத்துலயும் சொல்லிட முடியாது. வரிக்காக அரசாங்கம் போட்டு வச்சிருக்குற மதிப்பும் சந்தை விலையும் ஒண்ணு இல்ல, அதையும் போட்டு குழப்பிக்காதீங்க.

நாலாவது படி: கூட்டி கழிக்கிறது

இதுதான் முக்கியமான படி, இதுல அவசரப்படாதீங்க. ரூல் ஒண்ணே ஒண்ணுதான்: உங்க வீட்டை தொடக்கூடாது, வித்த வீட்டோட விலையைத்தான் உங்க வீடு மாதிரி ஆகுற வரைக்கும் மாத்தணும். அந்த வீட்டுல உங்ககிட்ட இல்லாத வசதி இருந்தா அதோட விலையிலேருந்து கழிங்க, உங்ககிட்ட இருக்குற வசதி அங்க இல்லன்னா கூட்டுங்க. புதுசா பண்றவங்க இதை தலைகீழா பண்ணிடுவாங்க.

உதாரணத்துக்கு மூணு வீடு வச்சுக்குவோம், புரியுறதுக்காக விலைய சின்ன நம்பரா எடுத்துக்குறேன். முதல் வீடு 100-க்கு போச்சு, உங்க வீடு மாதிரியேதான், ஆனா அங்க கார் ஷெட் இருக்கு உங்ககிட்ட இல்ல, ஷெட்டுக்கு 4 கழிச்சா 96. ரெண்டாவது வீடு 88-க்கு போச்சு, அங்க ஒரு பெட்ரூம் கம்மி, அதுக்கு 8 கூட்டினா 96, ஆனா பாத்ரூமெல்லாம் புதுசா மாத்தியிருக்காங்க, அதுக்கு 2 கழிச்சா 94. மூணாவது வீடு 97, மெயின் ரோட்டு மேலயே சத்தத்துல இருக்கு, உங்க வீடு அமைதியான தெரு, அதுக்கு 3 கூட்டினா 100, ஆனா அது வித்து பல மாசம் ஆச்சு, அதுக்கப்புறம் சந்தை இறங்கியிருக்குன்னா 2 கழிங்க, 98. ஆக உங்க வீடு 94-லேருந்து 98-க்குள்ள. மூணையும் கூட்டி மூணால வகுக்கிறதை விட, எதுல கம்மியா மாத்த வேண்டி வந்துச்சோ அதை அதிகமா நம்புங்க, இங்க அது முதல் வீடு, 96.

சரி, ஷெட்டுக்கு 4-ன்னு எப்படி வந்துச்சு? ஷெட் கட்ட ஆகுற செலவு இல்ல அது. மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்குற ரெண்டு வீட்டுல ஷெட் உள்ளது எவ்ளோ கூடுதலா போச்சுன்னு பாருங்க, அந்த வித்தியாசம்தான் ஷெட்டோட விலை. கட்ட 7 ஆகியிருக்கலாம், சந்தை 4 தான் தருதுன்னா 4 தான். நீங்க ஆசை ஆசையா செஞ்ச கிச்சன் வேலைக்கும், விசேஷமா எறக்குன டைல்ஸுக்கும் இதே கணக்குதான், போட்ட காசு முழுசா திரும்பி வர்றது அபூர்வம்.

இன்னொண்ணு, சதுர அடிக்கு இவ்ளோன்னு ஒரே ரேட்டை பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் போடாதீங்க. ஒரே தெருவுல பெரிய வீட்டுக்கு பொதுவா சதுர அடி ரேட் கம்மியாத்தான் வரும்.

அஞ்சாவது படி: வேற ரெண்டு வழியில சரி பாருங்க

தனி வீடுன்னா நிலத்தையும் கட்டடத்தையும் பிரிங்க. விலை ஏறுறதுல பெரும்பங்கு நிலத்தாலதான், கட்டடம் வருஷா வருஷம் தேய்ஞ்சுகிட்டே போகும். அதே கட்டடத்தை இன்னைக்கு கட்ட 60 ஆகும், அதோட ஆயுசு 60 வருஷம், இப்ப வயசு 20-ன்னா மூணுல ஒரு பங்கு போச்சு, மிச்சம் 40. நிலம் 55-ன்னா மொத்தம் 95.

வாடகைக்கு விடக்கூடிய வீடுன்னா அந்த பக்கத்துலேருந்தும் பாக்கலாம். பக்கத்துல 100-க்கு வித்த வீட்டுக்கு வருஷ வாடகை 4-ன்னா விலை வாடகைய போல 25 மடங்கு. உங்க வீட்டுக்கு வருஷம் 3.8 வரும்னா 25 மடங்கு 95. மூணு வழியும் பக்கத்து பக்கத்துல வந்தா தைரியமா இருங்க, ஏதாவது ஒண்ணு ரொம்ப தள்ளி நின்னா அளவுலயோ வயசுலயோ எங்கயோ தப்பு இருக்கு, திரும்ப பாருங்க.

ஆறாவது படி: இப்ப மத்தவங்களை கேளுங்க

மூணு ஏஜென்ட்டை தனித்தனியா கூப்பிடுங்க, உங்க நம்பரை வாயால சொல்லிடாதீங்க. அவங்க விலை சொன்னதும் "எந்த எந்த வித்த வீட்டை வச்சு சொல்றீங்க?"ன்னு மட்டும் கேளுங்க. பதில் இருந்தா நல்ல ஆளு. ரொம்ப அதிகமா சொல்றவரை பாத்து சந்தோஷப்பட வேணாம், உங்க வீட்டை விக்கிற வேலைய கையில வாங்குறதுக்காக ஏத்தி சொல்லிட்டு அப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு "கொறைங்க"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. வில்லங்கமோ பங்கு பிரச்சனையோ இருந்தா, இல்ல பக்கத்துல வித்த வீடே கெடைக்கலன்னா, காசு குடுத்து மதிப்பீட்டாளரை வச்சு பாத்துடுங்க, அது வீண் செலவு இல்ல.

ஆன்லைன்ல தானா மதிப்பு சொல்ற தளங்களை ஒரு தோராயத்துக்கு பாருங்க, அதுக்கு மேல வேணாம். அமெரிக்காவுல இப்படி ஆன்லைன்ல வீட்டு மதிப்பு சொல்ற ஸில்லோ (Zillow) கம்பெனி, வீடுகளை தானே வாங்கி விக்கிற தொழிலை 2021 நவம்பர்ல மூடப் போறதா அறிவிச்சப்ப, வீட்டு விலை எப்படி போகும்னு சரியா கணிக்க முடியலங்கிறதைத்தான் காரணமா சொன்னாங்க. அவ்ளோ டேட்டா வச்சிருக்கவங்களுக்கே அப்படி, உங்க வீட்டு ஓதம் அந்த கம்ப்யூட்டருக்கு எங்க தெரியப் போகுது.

ஏழாவது படி: கையில நிக்கிறது எவ்ளோ?

96-க்கு வித்தாலும் 96 கையில வராது. கமிஷன், லோன் பாக்கி, வரி, விக்கிறதுக்கு முன்னாடி பண்ற ரிப்பேர், வீடு மாத்துற செலவு எல்லாம் கழிச்சு எழுதுங்க. அந்த மிச்சம் உங்க அடுத்த திட்டத்துக்கு பத்தலன்னா விலைய ஏத்தாதீங்க, திட்டத்தை மாத்துங்க இல்ல விக்கிறதை தள்ளி போடுங்க.

கேக்குற விலைய உங்க 94-98-ஓட மேல் நுனியிலயோ அதுக்கு ஒரு துளி மேலயோ வைங்க, பேரம் பேச இடம் வேணும்ல. அதுக்கப்புறம் முதல் சில வாரம் கவனமா பாருங்க. ஆளே வரலன்னா விலை பாத்தே ஒதுங்கிடுறாங்க. நெறைய பேர் வந்து பாத்துட்டு யாரும் விலை பேசலன்னா, நேர்ல பாக்குறப்ப ஏதோ உறுத்துது, அது என்னன்னு வந்தவங்ககிட்டயே கேளுங்க. விலை பேசுறவங்க எல்லாரும் 92, 93-னு ஒரே இடத்துல நின்னா நோட்டை எடுத்து நாலாவது படிய மறுபடி போடுங்க, புதுசா வித்த வீடு ஏதாவது இருந்தா அதையும் சேத்து.