பிரேக் சரியில்லை, லோடு அதிகம்: வேலையையும் காப்பாற்றிக்கொண்டு புகார் கொடுப்பது எப்படி?

தொப்பூர் கணவாயில் தர்மபுரிப் பக்கமிருந்து சேலத்துக்கு இறங்கும்போது பிரேக் லைனிங் தேய்ந்த வண்டி என்ன பாடு படுத்தும் என்று சங்ககிரி டிரைவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் டிரம் சூடேறிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. ஆனாலும் "இந்த ஒரு டிரிப் மட்டும் போயிட்டு வாப்பா" என்று முதலாளி சொன்னால் சாவியை வாங்கிக்கொள்கிறோம். மறுத்தால் நாளைக்கு அந்த சீட்டில் வேறு ஆள். புதிதாக ஹெவி லைசென்ஸ் எடுத்த தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. கிளம்பும் முன் போட்டோ எடுங்கள்.
ஆர்சியில் (பதிவுச் சான்றில்) இருக்கும் மொத்த எடையையும் எடை மேடை சீட்டையும் ஒப்பிட்டு, இரண்டையும் போட்டோ எடுங்கள். 5 டன் கூடியிருந்தால் அபராதம் 20,000 ரூபாய், அதோடு டன்னுக்கு 2,000 வீதம் இன்னும் 10,000. கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டியை விடமாட்டார்கள். ஓட்டச் சொன்னவர் மட்டுமல்ல, ஓட்டியவரும் சட்டப்படி குற்றவாளிதான்.

2. முதலாளிக்கு எழுத்தில் சொல்லுங்கள்.
மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் இரண்டே வரி போதும்: "ஐயா, பின் இடது சக்கரத்தில் பிரேக் பிடிக்கவில்லை. லைனிங் மாற்றியதும் லோடு ஏற்றுகிறேன்." மரியாதையாக, வண்டி எண்ணோடு எழுதுங்கள்.

நான் ஒருவரிடம் ஓட்டியபோது மூன்று முறை வாயால் சொன்னேன். என்னை வேலையை விட்டு நிறுத்திய பிறகு, "அவன் எதுவுமே சொல்லலை, டீசல் திருடினான்" என்று பேச்சு வந்தது. காட்ட என்னிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை. வேலை போன பிறகு கொடுக்கும் புகாரைக் கோபம் என்பார்கள். போவதற்கு முந்தைய தேதியில் ஒரு வரி இருந்தால் யாரும் அப்படித் தள்ளிவிட முடியாது.

3. சரியான இடத்துக்குப் போங்கள்.
வண்டியின் நிலை, ஓவர்லோடு என்றால் ஆர்டிஓ அலுவலகம், பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்). நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வே இல்லாமலோ ஓட்டச் சொன்னால் தொழிலாளர் துறை. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம்; 1100க்கும் அழைக்கலாம். மனுவின் நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

பெயரை ரகசியமாக வைக்கும்படி மனுவிலேயே கேளுங்கள். ஆனால் அந்த வண்டிக்கு நீங்கள் ஒருவரே டிரைவர் என்றால் முதலாளி ஊகித்துவிடுவார். அதனால் நான்கைந்து பேர் சேர்ந்து, முடிந்தால் சங்கம் மூலமாகக் கொடுப்பதே நல்லது.

4. வேலையை விட்டு நிறுத்தினால்.
அமெரிக்காவில் புகார் கொடுக்கும் லாரி டிரைவர்களுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பாதுகாப்புத் தருகிறது; பழிவாங்கினால் 180 நாளுக்குள் முறையிடலாம். இங்கே 2014இல் நிறைவேறிய தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர் மீதான புகார்களுக்கானது. அதை நம்பி உட்கார வேண்டாம். தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் போங்கள். தனி ஒருவரின் வேலைநீக்கத்தையும் தொழில் தகராறாக எழுப்பலாம்.

அங்கே முதலில் கேட்பது, "இவரிடம்தான் வேலை செய்தாய் என்பதற்கு என்ன சான்று?" நம்மில் பலருக்கு வேலை உத்தரவே கிடையாது. பேட்டா வந்த வங்கிக் கணக்கு விவரம், டிரிப் ஷீட், டோல் ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கேபினில் வைக்காதீர்கள், சாவியோடு அதுவும் போய்விடும். அன்றன்றைக்கே வீட்டில் ஒருவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.