டர்பனில் ரேடியோ விமானம் ஓட்டப் பழகுதல்

தரையில் நின்று ரிமோட்டால் இயக்கும் சிறிய மாதிரி விமானமான ரேடியோ விமானத்தை ஓட்டப் பழக விரும்புபவர், கடைக்குப் போவதற்கு முன் தம் ஊருக்கு அருகிலுள்ள கிளப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வெறுங்கையோடு போய் நின்று பார்ப்பது நல்லது. அங்குள்ள பயிற்றுநர்கள் எந்த நிறுவனத்தின் ரிமோட்டை வைத்திருக்கிறார்கள், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் குச்சியை எந்தக் கையில் பிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு அதற்கு ஒத்ததையே வாங்கினால்தான், பயிற்றுநரின் ரிமோட்டோடு உங்களுடையதை இணைத்து, விமானம் தடுமாறும் நொடியில் அவர் கட்டுப்பாட்டைத் தம் கைக்கு எடுத்துக்கொள்ள முடியும். தென்னாப்பிரிக்க மாதிரி விமானச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்வதையும் தள்ளிப்போட வேண்டாம். பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு அதன் வழியாகவே கிடைக்கிறது.

முதல் விமானம் உடலுக்கு மேலே இறக்கை அமைந்த, நுரையால் ஆன பயிற்சி விமானமாக இருக்கட்டும். போர் விமான மாதிரியின் அழகில் மயங்கி அதை முதலில் வாங்கியவர்கள் பெரும்பாலும் அதன் துண்டுகளைப் பையில் அள்ளிக்கொண்டுதான் வீடு திரும்புகிறார்கள்.

பறக்கவிடுமுன் ரிமோட்டை முதலில் போட்டு, அதன் பிறகே விமானத்தின் பேட்டரியை இணைக்க வேண்டும். அணைக்கும்போது இந்த வரிசை தலைகீழாகும். விமானத்தின் பின்னால் நின்று, ரிமோட்டில் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் குச்சியை வலப்பக்கம் தள்ளினால், வலது இறக்கையின் பின்விளிம்புத் தகடு மேலே எழ வேண்டும். அது கீழே இறங்கினால் இணைப்பு மாறியிருக்கிறது. அப்படியே மேலே ஏற்றினால் சில நொடிகளில் தரையில் மோதும்.

பழகுபவரை அதிகம் திணறடிப்பது விமானம் நம்மை நோக்கித் திரும்பி வரும் நேரம்தான், ஏனெனில் அப்போது அதன் வலது நமக்கு இடதாகிவிடுகிறது. இடது எது வலது எது என்று கணக்குப் போடாமல், எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமாகவே குச்சியைத் தள்ளினால், அதற்கு முட்டுக்கொடுத்ததுபோல் விமானம் நிமிர்ந்துவிடும். இது கையில் ஊறும்வரை கணினி சிமுலேட்டரில் தினமும் கால் மணி நேரம் செலவிடுவது, நுரைத் துண்டுகளை ஒட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

கோடையில் பிற்பகலில் வடகிழக்குக் கடற்காற்று வலுத்துவிடும் என்பதால் விடியற்காலையே பழகுவதற்கு உகந்தது. வெக்கையான நாளில் காற்று சட்டென நின்று, தென்மேற்கில் மேகம் திரண்டால் உடனே இறக்கிவிடுங்கள். சற்று நேரத்தில் அந்தத் திசையிலிருந்து பலத்த காற்று வந்து அடிக்கும்.

டர்பன் அமைந்துள்ள நேட்டாலில் பழகுபவருக்குக் கரும்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இங்கு வந்த நம் முன்னோர் வெட்டிய அதே கரும்புக்குள் என் முதல் விமானத்தைத் தேடி இரண்டு மணி நேரம் அலைந்திருக்கிறேன். விமானம் உள்ளே விழுந்தால் நின்ற இடத்தைவிட்டு அசையாமல், அது மறைந்த திசைக்கு நேர் பின்னால் தெரியும் மரத்தையோ கம்பத்தையோ குறித்துக்கொண்டு, அங்கிருந்தே மற்றொருவருக்குக் கைகாட்டி வழிசொல்ல வேண்டும். கரும்புத் தோட்ட உரிமையாளரின் அனுமதியில்லாமலும் தடித்த பூட்ஸ் இல்லாமலும் உள்ளே இறங்கக் கூடாது. இந்தப் பக்கத்துக் கரும்பில் மாம்பா என்னும் கொடிய நச்சுப்பாம்பு உண்டு.