பிஸ்டன் வேகக் கணக்கு: அந்த ‘2’ எங்கே போனது?

என் பழைய ஸ்ப்ளெண்டர் பைக்கின் பிஸ்டன் (எஞ்சின் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் உருளை) ஒரு சரக்குக் கப்பலின் பிஸ்டனைவிட மெதுவாக ஓடுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டுபிடித்தேன். என் கணக்குப்படி நொடிக்கு 6.6 மீட்டர். வார்ட்சிலா ஆர்.டி.ஏ.96-சி கப்பல் எஞ்சினுக்கோ 8.5 மீட்டர். ஒரு மணி நேரம் அதை நம்பியும் இருந்தேன் என்பதுதான் வெட்கம்.

முதலில் ஸ்ட்ரோக் வேண்டும். அதாவது பிஸ்டன் மேல்முனையிலிருந்து கீழ்முனைவரை நகரும் தூரம். ஸ்பார்க் பிளக் துளைக்குள் குச்சி விட்டு அளக்காதீர்கள். துளை சாய்வாக இருப்பதால் அளவு கூடுதலாக வரும். எஞ்சினைப் பிரித்திருந்தால் வெர்னியரின் (நுண்ணிய அளவுகோலின்) வால்கம்பியை நேராக இறக்கி, இரு முனைகளிலும் அளந்து கழியுங்கள். பேட்டரி வெர்னியர் எனக்குப் பிடிக்காது. தேவைப்படும் நாளில்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். பிரிக்காவிட்டாலும் கவலையில்லை. என் வண்டி 97.2 சி.சி. (ஒரு ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு, கன செ.மீ.-இல்), போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ. போரின் பரப்பு 19.63 சதுர செ.மீ. 97.2-ஐ அதால் வகுத்தால் 4.95 செ.மீ.; ஸ்ட்ரோக் 49.5 மி.மீ.

அடுத்து ஆர்.பி.எம்., அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. அதிகபட்சத் திறன் கிடைக்கும் சுற்று எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். என் வண்டிக்கு 8,000.

இனி நான் சறுக்கிய இடம். 0.0495-ஐ 8,000-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தேன், 6.6 வந்தது. கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) ஒரு சுற்று சுற்றினால் பிஸ்டன் கீழே போய் மறுபடி மேலே வந்துவிடுகிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்ட்ரோக் தூரம். நான் இறங்கியதை மட்டும் எண்ணி, ஏறியதை மறந்திருந்தேன். சரியான கணக்கு:

வேகம் = 2 × ஸ்ட்ரோக் (மீட்டரில்) × ஆர்.பி.எம். ÷ 60

2 × 0.0495 × 8,000 ÷ 60 = நொடிக்கு 13.2 மீட்டர். கப்பல் எஞ்சினையும் போட்டுப் பாருங்கள்: ஸ்ட்ரோக் 2.5 மீட்டர், நிமிடத்துக்கு 102 சுற்று, 8.5 சரியாக வரும். சுற்று எண்ணிக்கையில் கிட்டத்தட்ட எண்பது மடங்கு வித்தியாசம், பிஸ்டன் வேகத்திலோ இரண்டு மடங்குகூட இல்லை. ஸ்ட்ரோக் நீளமானால் சுற்றைக் குறைத்தாக வேண்டும். இல்லையென்றால் பிஸ்டனை நிறுத்தித் திருப்பும் விசையைக் கனெக்டிங் ராட் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) தாங்காது.

13.2 என்பது சராசரிதான். இரு முனைகளிலும் பிஸ்டன் ஒரு கணம் நிற்கிறது. எனவே நடுவில் அதைவிட வேகமாகத்தான் ஓட வேண்டும். உச்சவேகம் தோராயமாகச் சராசரியைப் போல் 1.6 மடங்கு, அதாவது 21 மீட்டருக்குச் சற்று மேல். அது சரிபாதி வழியில் வருமென்றுதான் நானும் நினைத்தேன். கனெக்டிங் ராட் சாய்ந்து நிற்பதால் 90 பாகைக்கு முன்பே, மேல்முனையிலிருந்து 75 பாகையைத் தாண்டியதுமே வந்துவிடுகிறது. துல்லியமாக வேண்டுமென்றால் ராடின் நீளமும் தெரிய வேண்டும்.

பிற்சேர்க்கை: “நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்தானே, விடையை இரண்டால் வகுக்க வேண்டாமா?” என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நடப்பது எரிதல்தான். பிஸ்டனுக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. வகுத்தால் மறுபடி அந்த 6.6-இல்தான் போய் நிற்பீர்கள்.