இணையத்தில் எழுதிய பழைய பதிவுகளைத் தேடி எடுப்பது எப்படி

மன்னார்குடி தேரடிக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன். ஆரம்பித்தபோது பிரௌசிங் சென்டர். இப்போது ஜெராக்ஸ், சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு. இதற்கு நடுவில் யாராவது ஒருத்தர் வந்து நிற்பார். பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர். "அம்மாடி, அந்தக் காலத்துல நெட்ல நிறைய எழுதினேன். எடுத்துக் குடுக்க முடியுமா?" முக்கால்வாசி நேரம் முடியும். வீட்டிலிருந்தே நீங்களும் செய்யலாம்.

எல்லாரும் முதலில் கூகுளில் சொந்தப் பெயரை அடிக்கிறார்கள். உங்கள் பெயரில் திருவாரூர் மாவட்டத்திலேயே எத்தனையோ பேர் இருப்பார்கள். போதாததற்கு, நீங்கள் அன்றைக்கு அந்தப் பெயரில் எழுதவும் இல்லை. "வெண்ணாற்றங்கரையான்" என்றோ, ஊர்ப் பெயரோடு பிறந்த வருசத்தைச் சேர்த்தோ ஒரு புனைபெயர் வைத்திருப்பீர்கள். கணினிக்கு முன்னால் உட்காரும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: வைத்திருந்த புனைபெயர்கள், அவற்றை ஆங்கிலத்தில் எப்படி அடித்தீர்கள், எந்த மின்னஞ்சல் முகவரி, எந்தத் தளம், எந்த வருசம்.

வருசம்தான் யாருக்கும் ஞாபகம் வராது. நம்ம ஊரில் அதற்கு வேறு வழி இருக்கிறது. சுனாமிக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டால் உடனே பதில் வரும். அது 2004 டிசம்பர் 26. கும்பகோணத்தில் மகாமகம் நடந்தது 2004 மார்ச்சில், அப்புறம் 2016 பிப்ரவரியில். காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது 2007 பிப்ரவரி 5. கஜா அடித்தது 2018 நவம்பர் 16. மேட்டூரை ரொம்ப வருசம் கழித்து ஜூன் 12 அன்றே திறந்தார்களே, அது 2020. இப்படி இரண்டு சம்பவத்துக்கு நடுவில் பதிவை அடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது மின்னஞ்சல் பெட்டி. இதை விட்டுவிட்டு நேராகக் கூகுளுக்கு ஓடுவது நேர விரயம். பழைய இணைய மன்றங்கள் (பலரும் சேர்ந்து எழுதிப் பதில் போட்டுக்கொண்ட தளங்கள்) பெரும்பாலானவை, நீங்கள் சேர்ந்தபோது ஒரு வரவேற்பு மடலும், உங்கள் பதிவுக்கு யாராவது பதில் போட்டால் ஒரு தகவல் மடலும் அனுப்பும். அந்த மடலுக்குள்ளேயே பதிவின் சுட்டி இருக்கும். ஜிமெயில் தேடல் பெட்டியில் தளத்தின் பெயரையோ புனைபெயரையோ போடுங்கள். ஜிமெயில் வந்ததே 2004 ஏப்ரலில்தான். அதற்கு முந்தியது யாஹூவிலோ ரெடிஃபிலோ கிடக்கும். ஒரு வருசம் திறக்காமல் விட்ட யாஹூ பெட்டியில் உள்ளே எதுவும் மிஞ்சியிருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூகுளும் இரண்டு வருசம் தொடாத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கிவிட்டது. அதனால் கணக்கு இன்னும் திறக்கிறது என்றால் இன்றைக்கே ஒரு தடவை உள்ளே போய் வந்துவிடுங்கள்.

தளம் இன்னும் உயிரோடு இருந்தால் வேலை சுலபம். உள்ளே போய் உங்கள் பெயர் மேல் சொடுக்கினால், இந்த உறுப்பினரின் எல்லாப் பதிவுகளும் என்ற மாதிரி ஒரு இணைப்பு இருக்கும். கடவுச்சொல் மறந்துபோய்விட்டது என்றால் கவலை வேண்டாம். உங்கள் பதிவும் அதற்கு வேறொருவர் எழுதிய பதிலும் இருக்கும் திரியை, அதாவது அந்த உரையாடல் தொடரை, பிடித்து உள்ளே போய், அங்கே தெரியும் உங்கள் பெயரைச் சொடுக்குங்கள். ஃபேஸ்புக் குழு என்றால் அமைப்புகளில் செயல்பாட்டுப் பதிவு என்று ஒன்று இருக்கிறது. வருசவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம்.

கூகுளில் தேடும்போது, சைட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைச் சேர்த்தால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடும். அதே மாதிரி ஆஃப்டர், பிஃபோர் என்று ஆங்கிலத்தில் போட்டு முக்காற்புள்ளிக்குப் பின் தேதி கொடுத்தால் காலத்தைக் குறுக்கலாம். தாளில் குறித்த சுனாமியும் மகாமகமும் இங்கே உதவும்.

என்ன சொல்லைத் தேடுவது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். "நெல்" என்று தேடினால் ஊருப்பட்டது வந்து கொட்டும். நீங்கள் மட்டும் எழுதியிருக்கக்கூடிய சொல் எது என்று யோசியுங்கள். நீடாமங்கலத்திலிருந்து வந்த ஒரு சார், வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவர், ரகத்தின் பெயரை வைத்துத் தேடலாம் என்றார். சரியான யோசனை. ஆனால் ஒரே ரகத்தை ஏடிடி 43 என்றும் ஆடுதுறை 43 என்றும் எழுதுகிறோம், சி.ஆர். 1009 என்பதையே பொன்மணி என்றும் எழுதுகிறோம். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். அன்றைக்குத் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தால் இன்னும் சிக்கல்: காவேரிக்கே நாலு எழுத்துக்கூட்டல், தஞ்சாவூர் பாதி நேரம் டேஞ்சூர். இன்றைக்கு நீங்கள் எழுதுகிற மாதிரி தேடாதீர்கள். அன்றைக்கு எழுதிய மாதிரி, எழுத்துப்பிழையோடு தேடுங்கள்.

இனி சொல்வது தமிழில் எழுதியவர்களுக்கு மட்டும். இங்கேதான் அதிகம் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். 2003, 2004 வரைக்கும் நம் ஆட்கள் பலர் எழுதியது, இன்றைக்குக் கணினியும் கைபேசியும் தமிழைக் காட்டப் பயன்படுத்தும் யுனிகோட் முறையில் இல்லை. திஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்து முறை. நீங்கள் இன்று கைபேசியில் தமிழில் தேடினால் அவை சிக்கவே சிக்காது. பதிவு இருக்கும், ஆனால் தமிழாக இருக்காது. பக்கத்தைத் திறந்தால் ஏதோ வைரஸ் வந்த மாதிரி குறிகள் தெரியும். பயந்து மூடிவிடாதீர்கள். எந்த முறை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு அடையாளம் உண்டு. வரி முழுக்க கால், அரை, முக்கால் என்று பின்னக் குறிகள் சிதறிக் கிடந்தால் அது திஸ்கி. அதில் ட என்பது காலாகவும், ண அரையாகவும், த முக்காலாகவும் தெரியும். "தமிழ்" என்று வரவேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலச் சின்ன எழுத்துகள் வந்தால் அது பாமினி.

இந்தக் குறிகளைத் தேடுபொறியில் போட்டுத் தேடுவதில் பிரயோஜனம் குறைவு. பின்னக் குறியையும் மற்றக் குறிகளையும் அது சரியாக மதிப்பதில்லை. புனைபெயரை ஆங்கிலத்தில் போட்டுப் பக்கத்தைப் பிடியுங்கள். பிறகு எழுத்தை நகலெடுத்து, சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியிலோ என்எச்எம் கன்வர்ட்டரிலோ ஒட்டி, மூல முறையைத் தேர்ந்தெடுத்து யுனிகோடாக மாற்றுங்கள். தவறான முறையைத் தேர்ந்தால் வேறு குப்பை வரும், அவ்வளவுதான். அடுத்ததைப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு விசயம்: தளத்தைப் புதுப்பித்தபோது எழுத்துகள் வெறும் கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் அவற்றை எந்த மாற்றியாலும் மீட்க முடியாது.

தளமே மூடிவிட்டது என்றால் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷின். 1996 முதல் சேமித்த பக்கங்கள் அதில் இருக்கின்றன. ஆனால் பக்கத்துக்குள் இருக்கும் சொல்லை வைத்து அதில் தேட முடியாது, முகவரி வேண்டும். பழைய மடலில் கிடைத்த சுட்டியை அங்கே ஒட்டுங்கள். சுட்டி இல்லையென்றால் தளத்தின் முகவரியைப் போட்டு, கடைசியில் சாய்கோடும் ஒரு நட்சத்திரக் குறியும் வைத்தால், அந்தத் தளத்தில் சேமித்த பக்கங்கள் எல்லாம் பட்டியலாக வரும். உள்நுழைந்தால் மட்டும் தெரிந்த பகுதிகள் அதில் கிடைக்காது. முதல் பக்கம் இருந்து இரண்டாம் பக்கம் இல்லாமலும் போகும். வேறு தேதியில் சேமித்ததைத் திறந்து பாருங்கள். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும்.

யாஹூ குழுமங்களில் எழுதியவர்களுக்கு நல்ல சேதி குறைவு. மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று தமிழ்க் கூட்டம் அங்கேதான் இருந்தது. பழைய மடல்களை யாஹூ 2019 டிசம்பரில் இணையத்திலிருந்து எடுத்துவிட்டது, ஒரு வருசம் கழித்துக் குழுமங்களையே மூடிவிட்டது. இனி ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு மடலும் உறுப்பினர்களின் பெட்டிக்குப் போனதால், எதையும் அழிக்காத ஒரு நண்பர் கிடைத்தால் போதும். அவர் பெட்டியில் உங்கள் முகவரியைத் தேடச் சொல்லுங்கள். அதற்கும் முந்தைய யூஸ்நெட் (தலைப்புவாரியாக எவரும் எழுதக்கூடிய பழைய இணையக் குழுக்கள்) காலத்தில், சாக் கல்ச்சர் தமிழ் போன்ற குழுக்களில் எழுதியவர்கள் கூகுள் குரூப்ஸில் தேடலாம். 2024 பிப்ரவரியோடு புதிய யூஸ்நெட் பதிவுகள் அங்கே வருவது நின்றுவிட்டது, பழையவை இருக்கின்றன.

கிடைத்ததும் சுட்டியை மட்டும் குறித்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்குங்கள். திஸ்கியில் இருந்தால் அந்தப் பிடிஎஃபில் பிறகு சொல் தேட முடியாது. மாற்றிய யுனிகோட் எழுத்தைத் தனிக் கோப்பில் தேதியோடு ஒட்டி வையுங்கள். தளம் இன்னும் இருக்கிறதென்றால் அந்த முகவரியை வேபேக் மெஷினில், பக்கத்தைச் சேமிக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு தடவை முழுக்கப் படித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் வீட்டு முகவரி, கைபேசி எண், பிள்ளை படித்த பள்ளி என்று எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் எழுதியிருப்போம். அப்படி இருந்தால் முதலில் தளத்தை நடத்துகிறவருக்கு எழுதி அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள், சேமிப்பது அதற்கப்புறம்.